யாருக்காக வலி தாங்குவது?

நீர்க்கடுப்போடு வருகிறவள் நாற்காலி நுனியில்தான் உட்காருவாள். "டாக்டர், நாளைக்கு டியூட்டிக்குப் போகணும், பவரா ஏதாவது குடுங்க." துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறவள், அடிக்கடி பாத்ரூம் போனால் சூப்பர்வைசர் முறைப்பார் என்று தண்ணீரே குடிக்காதவள்.

பவரான மருந்தைக் கண்டபடி கொடுத்தால் கிருமி பழகிவிடும். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் அப்படித்தான் கைநழுவிப் போகிறது. கல்ச்சர் ரிப்போர்ட்டில் ஈ.கோலை கிருமி அதற்கு மசியவில்லை என்றே அடிக்கடி பார்க்கிறேன். இன்று இவளுக்கு எழுதுவதன் விலையை நாளை முகம் தெரியாத ஒருத்தி கொடுப்பாள். அவளுக்கும் நான் கடமைப்பட்டவளா?

ஆம் என்றே நம்புகிறேன். அதனால் காய்ச்சல், விலாவலி இல்லாமல் தொற்று சிறுநீர்ப்பையோடு நின்றிருந்தால் நைட்ரோஃபுரான்டாயின் எழுதுகிறேன். 1950களிலிருந்து இருக்கும் மருந்து. 100 மில்லிகிராம், இரண்டு வேளை, சாப்பாட்டோடு, 5 நாள். சிறுநீர் பழுப்பாகப் போகும், பயப்படாதே என்று முன்னமே சொல்லிவிட வேண்டும். ஃபாஸ்ஃபோமைசின் பொடி 3 கிராம் ஒரே வேளையில் முடிந்துவிடும், வசதிதான். ஆனால் சுவிட்சர்லாந்து, போலந்து, இஸ்ரேலில் 513 பெண்களிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2018இல் வெளியான ஆய்வில், 28ஆம் நாள் குணமாகியிருந்தவர்கள் நைட்ரோஃபுரான்டாயினில் 70 சதவீதம், ஃபாஸ்ஃபோமைசினில் 58. (அங்கே நைட்ரோஃபுரான்டாயினை மூன்று வேளை கொடுத்தார்கள்.) இவளுக்கும் நல்லது, நாளைக்கு வரப்போகிறவளுக்கும் நல்லது.

இவள் நன்மையும் நாளை வருகிறவள் நன்மையும் முட்டிக்கொள்வது ஜெர்மனியில் 2015இல் வெளியான ஆய்வில். 494 பெண்கள், ஒரு பாதிக்கு ஃபாஸ்ஃபோமைசின், மறு பாதிக்கு வெறும் ஐபுப்ரோஃபென். வலிமாத்திரை எடுத்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆன்டிபயாடிக் இல்லாமலே தேறினார்கள். ஆனால் அவர்கள் பட்ட வேதனை அதிகம். சிறுநீரகம் வரை தொற்று ஏறியவர்கள் 5 பேர், எதிரணியில் ஒருவர்.

இதைக் காட்டி எல்லோருக்கும் வலிமாத்திரையே போதும் என்று சொல்லும் சக மருத்துவர்களோடு நான் ஒத்துப்போகவில்லை. அந்த ஜெர்மானியப் பெண்கள் விவரம் கேட்டு, சம்மதித்துச் சேர்ந்தவர்கள். கதையில் புறாவைக் காப்பாற்றச் சிபிச் சக்கரவர்த்தி அரிந்து கொடுத்தது தன் தொடையை. இன்னொருவர் தொடையை அரிந்து கொடுத்திருந்தால் அந்தக் கதையை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்க மாட்டோம். ஊர் நன்மைக்கு என்று சொல்லி, கேட்காமலே ஒருத்தியை எரிச்சலில் விடுவதும் அந்த வகைதான்.

லீவு போட முடிகிறவர்களிடம் எல்லாவற்றையும் சொல்லிக் கேட்கிறேன். சிலர், "ரெண்டு நாள் பார்க்கிறேன் டாக்டர்" என்கிறார்கள். குளிரோ காய்ச்சலோ வந்தால் அன்றைக்கே வரச் சொல்லி அனுப்புகிறேன். துணிக்கடைப் பெண்ணிடம் கேட்பதில்லை. சம்பளம் பிடித்துவிடுவார்கள் என்ற பயத்தில் இருக்கிறவளால் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ மனசாரச் சொல்ல முடியாது. மருந்தை எழுதிவிடுகிறேன்.