அச்சத்துக்கு ஒரு பரிசு

அமெரிக்காவிலே திகில் கதை எழுதுகிறவர்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. 1897-ஆம் ஆண்டில் 'டிராகுலா' நாவலை வெளியிட்ட பிராம் ஸ்டோக்கரின் பெயரால், அந்தச் சங்கம் 1987-ஆம் ஆண்டுப் படைப்புகள் தொடங்கி வருஷந்தோறும் பரிசு கொடுத்து வருகிறது. நாவலுக்கு, சிறுகதைக்கு, கவிதைக்கு என்று வளர்ந்து வந்த அந்தப் பட்டியலில், 2019-ஆம் ஆண்டுப் படைப்புகளுக்கு ஒரு புதிய பிரிவையும் சேர்த்துக்கொண்டார்கள். அது, திகிலைப் பற்றிய சிறு கட்டுரை. பயமுறுத்துவதற்கு அல்ல, பயத்தைப் பற்றி உண்மை பேசுவதற்கு ஒரு பரிசு!

இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நன்றாகப் பாயசம் வைத்தவளுக்குப் பரிசு கொடுப்பது நியாயம். பாயசம் ஏன் இனிக்கிறது என்று சொல்பவனுக்கு எதற்குப் பரிசு? பேய்க் கதை இருட்டில் இருக்கும்வரைதானே பேய்க் கதை? விளக்கேற்றிப் பார்த்துவிட்டால் அங்கே முருங்கை மரந்தான் நிற்கும்.

ஆனால், சிரித்து முடிப்பதற்குள் ஒரு முகம் நினைவுக்கு வந்தது. சிரிப்பு அடங்கிவிட்டது.

என் ஆச்சியின் ஊர் சீவலப்பேரி. சிற்றாறு வந்து தாமிரபரணியோடு கலக்கிற இடம். அங்கே சுடலைமாடன் கோயில் பிரசித்தம். பள்ளி விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் ஆச்சி எங்களுக்கு ஒரே ஒரு கட்டளைதான் போடுவாள்: "பொழுதடைஞ்ச பொறவு ஆத்துப் பக்கம் போவாதல. அவ நிப்பா."

'அவள்' யார் என்று ஆச்சி சொன்னதில்லை. ஊரிலே வேறு யாரும் சொன்னதில்லை. ஆற்றில் விழுந்து செத்தவள் என்பது மட்டும் தெரியும். அந்தி வேளையில் ஈரப் புடவையோடு துறையில் நிற்பாளாம். அது போதாதா ஒரு கதாசிரியனுக்கு? இருபத்தெட்டு வயதில் அவளை வைத்து ஒரு கதை எழுதினேன். ஈரக் கூந்தலைக் கொடுத்தேன். கால்களுக்குக் கொலுசு போட்டேன். கொலுசுச் சத்தம் மணலில் நடந்து வருவதாக முடித்தேன். இரவில் தூங்கவில்லை என்று வாசகர்கள் கடிதம் எழுதினார்கள். எனக்குப் பரம சந்தோஷம்.

சில வருஷங்களுக்குப் பிறகு கோயில் கொடைக்குப் போயிருந்தேன். வில்லுப்பாட்டு நடந்துகொண்டிருந்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்த தலை நரைத்த மனிதர் ஒருவர், "தம்பி, அந்தக் கதைய எழுதுனது நீங்கதானே?" என்று கேட்டார். நான் பெருமையோடு தலையை ஆட்டினேன்.

"அது எங்க அக்கா" என்றார் அவர்.

கோபமாகச் சொல்லவில்லை. கணக்கு ஒப்பிப்பவரைப் போலச் சொன்னார். "அவளுக்குக் கொலுசே கெடையாது தம்பி. இருந்ததையும் மாப்பிள்ளை வீட்டுல அடகு வெச்சுட்டாங்க. அடியும் பட்டினியும் தாங்காம எங்க வீட்டுக்குத்தான் வந்தா. எங்க ஐயா, 'வாக்கப்பட்ட எடத்துலதான் இருக்கணும்'னு திருப்பி அனுப்பிட்டாரு. அவ அங்க போகல. ஆத்துக்குப் போயிட்டா. பொறவு, துறையில அவ நிக்கான்னு ஊரு சொல்லிச்சு. எங்களுக்கும் அது சௌகரியமாப் போச்சு."

அந்தக் கடைசி வார்த்தை இன்றைக்கும் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. சௌகரியம்! வெட்கப்பட வேண்டிய இடத்தில் அந்த ஊர் பயந்துகொண்டது. பயம் வந்துவிட்டால் கேள்வி கேட்க வேண்டாம். அந்தி சாய்ந்ததும் கதவைச் சாத்திக்கொண்டால் போதும். செத்தவளிடம் பட்ட கடனை, செத்தவள் நம்மைப் பிடித்துக்கொள்வாள் என்ற பயமாக மாற்றிக்கொண்டோம். அந்தப் பயத்தை நான் அச்சில் ஏற்றிச் சன்மானமும் வாங்கிக்கொண்டேன்.

அன்று இரவு எதிரே ஒலித்த வில்லுப்பாட்டு இதற்கு நேர் மாறான காரியத்தைச் செய்துகொண்டிருந்தது. இதே ஆற்றின் மேல்பக்கம், சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கிற முத்துப்பட்டனின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிராமணனாகப் பிறந்து, சக்கிலியர் குலத்துப் பெண்கள் இருவரை மணந்து, மாடு திருட வந்தவர்களோடு போரிட்டு மாண்டவன் அவன். பாட்டு எதையும் மறைப்பதில்லை. எந்தக் குலம், யாரை மணந்தான், எப்படி இறந்தான் என்று ஊர் கூடிய சபையில் சொல்கிறது. காரணத்தை மறந்த சாவு பேயாகிறது. காரணத்தைச் சொல்லி அழுத சாவு தெய்வமாகிறது. இப்படித்தான் எனக்குத் தோன்றுகிறது.

காரணம் சொல்லாத பேய்க் கதைகளெல்லாம் பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. நம் திருநெல்வேலிப் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' எதையும் விளக்குவதில்லை. அதுதான் அதன் அழகு. ஆனால் அது எந்த வீட்டுப் பெண்ணின் வாயையும் மூடவில்லை. என் கதை மூடிற்று.

அந்தப் புதிய பரிசை முதலில் பெற்றவர் குவென்டலின் கிஸ்ட் என்ற பெண்மணி. அவர் எழுதியது சார்லட் பெர்கின்ஸ் கில்மனின் படைப்புகளைப் பற்றி. கில்மன் 1892-ஆம் ஆண்டில் 'மஞ்சள் சுவர்த்தாள்' என்ற கதையை வெளியிட்டார். பிள்ளை பெற்ற பின் மனம் சோர்ந்த ஒருத்தியை, ஓய்வு என்ற பெயரால் ஓர் அறையில் இருத்தி, எழுதவும் கூடாது என்கிறார்கள். அவள் கண்ணுக்குச் சுவர்த்தாளின் பின்னே ஒரு பெண் ஊர்வது தெரிகிறது. இருபத்தொரு வருஷம் கழித்து, 1913-இல், அந்தக் கதையை ஏன் எழுதினேன் என்று கில்மன் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். அந்த ஓய்வுச் சிகிச்சை தமக்கே நடந்தது என்றும், மற்றவர்களுக்குப் பித்துப் பிடிக்காமல் காப்பாற்றவே எழுதியதாகவும் சொன்னார். கட்டுரை வந்ததனால் கதையின் பயம் குறைந்ததா? இல்லை. பயப்பட வேண்டியது சுவரைப் பார்த்தல்ல, கதவைப் பூட்டியவர்களைப் பார்த்து என்பது தெளிவாயிற்று.

ஆனால் கில்மன் சொன்னது தம் சொந்தத் துன்பத்தை. நான் தொட்டது பிறர் துன்பம். உண்மையைச் சொல்கிறேன் என்று கிளம்பினால், அதுவும் இரண்டாம் முறை எடுத்துக்கொள்வதாகாதா? அதனால் அவரையே கேட்டேன்: "உள்ளதை எழுதட்டுமா, அண்ணாச்சி?"

வெகு நேரம் வில்லையே பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மா இருக்கா, தம்பி. பேரப் போடாதீங்க. அவ பேயில்லன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

அந்தக் கதையை என் தொகுதியிலிருந்து எடுத்துவிட்டேன். அவர் கேட்ட ஒரு வரியை எழுத எனக்கு இவ்வளவு காலம் ஆயிற்று. அச்சத்தைப் பற்றிக் கட்டுரை எதற்கு என்று சிரிக்கவும் செய்தேன்.

அந்தப் பரிசுச் சின்னம் ஒரு சிறிய பேய் வீடு. அதன் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு பெயர் இருக்குமாம், பரிசு பெற்றவரின் பெயர். நான் கட்டிய பேய் வீட்டிலும் என் பெயர்தான் இருந்தது. அங்கே இருந்திருக்க வேண்டிய பெயர் எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். ஆனால் சீவலப்பேரித் துறையில் அந்தியில் யாரும் நிற்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். நின்றிருக்க வேண்டியவள் தன் தகப்பன் வீட்டு வாசலில்தான் நின்றாள். கதவுதான் திறக்கவில்லை.