விளையாட்டில் பாவம் உண்டா?

சடையங்குப்பத்தில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஏற்றிச் செல்லும் டிரெய்லர் லாரி ஓட்டுகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய மகன், பதினைந்து வயதுப் பையன், கம்ப்யூட்டர் முன்னால் தன்னை மறந்து உட்கார்ந்திருந்தான்.

"என்னடா அது?"

"ஜி.டி.ஏ., மாமா. சான் ஆண்ட்ரியாஸ்."

என் வாலிபத்தில் பிரௌசிங் சென்டர் வாசல்களில் இந்தப் பெயரைக் கேட்டிருக்கிறேன். உள்ளே போய்ப் பார்த்ததில்லை. 1997-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்துக்காரர்கள் தொடங்கிய விளையாட்டு வரிசை இது. முதலில் மொட்டை மாடியிலிருந்து தெருவைப் பார்ப்பதுபோல் சின்னச் சின்னக் கார்கள் ஓடின. 2001-இல் வந்த மூன்றாம் பாகத்தில்தான் நகரம் கண்ணெதிரே எழுந்து நின்றது. 2004-இல் வந்த சான் ஆண்ட்ரியாஸில் மூன்று நகரங்கள்; நடுவே காடு, மலை, பாலைவனம். தாயின் சாவுக்காக ஐந்து வருஷம் கழித்து ஊர் திரும்பும் சி.ஜே. என்ற வாலிபன் கதாநாயகன்.

பார்க்கப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது. என் நாவலின் கதாநாயகன் நான் போகச் சொன்ன தெருவில்தான் போவான். இவனோ வாசகன் இஷ்டப்படி திரிகிறான். அதிகம் தின்றால் பெருக்கிறான். தேகப்பயிற்சி செய்தால் இளைக்கிறான். முந்தைய பாகமான வைஸ் சிட்டியில் ஆழத் தண்ணீரில் விழுந்தால் கதாநாயகன் செத்துப்போவானாம். இவனுக்கு நீந்தத் தெரியும். பெருமழை வந்தால் புழல் ஏரியின் உபரி நீர் சூழ்ந்துகொள்ளும் ஊர்ப் பையன், அதை என்ன பெருமையோடு சொன்னான்! சிலியாட் மலை உச்சிக்கு வண்டியை ஏற்றி நிறுத்தி, சூரியன் மறைவதைக் காட்டினான்.

"இங்கே என்னடா வேலை?"

"ஒண்ணுமில்லே மாமா, சும்மா பார்க்கத்தான்."

அந்தப் பதில் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

மலையிலிருந்து இறங்கும்போது ஒரு வழிப்போக்கன்மேல் வண்டி ஏறியது. பையன் நிறுத்தவில்லை. போலீஸ் துரத்தியது, ஒரு பட்டறையில் நுழைந்து வண்டிக்கு வேறு சாயம் அடித்துக்கொண்டான், போலீஸ் மறந்துவிட்டது. "நாமே செத்தாலும் கவலையில்லே மாமா. ஆஸ்பத்திரி வாசல்லே எழுந்து நின்னுடலாம். நூறு டாலரும் துப்பாக்கியும்தான் போகும்" என்று சிரித்தான்.

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் நண்பர் பாதிச் சோற்றில் எழுந்து வெளியே போனார். நானும் பின்னால் போனேன்.

பல வருஷங்களுக்கு முன், பொன்னேரி நெடுஞ்சாலையில், அவர் லாரியில் ஒரு சைக்கிள்காரர் அடிபட்டு இறந்துபோனார். எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் அவர் வாயால் அன்றுதான் கேட்டேன்.

"என் மேலே தப்பு இல்லேன்னு கோர்ட்டே சொல்லிடுச்சு, அண்ணே. ஆனா அந்த வளைவு வந்தா கால் தானா பிரேக்குக்குப் போவுது. சைக்கிள்லே ஒரு பை தொங்கிச்சு. ரோடெல்லாம் தக்காளி உருண்டுது."

அந்த விளையாட்டில் தண்டனை இருக்கிறது, உறுத்தல் இல்லை. இவருக்கு யாரும் தண்டனை விதிக்கவில்லை. உறுத்தல் மட்டும் இன்னும் தீரவில்லை. பொம்மையை இடித்தது பாவம் என்று அந்தப் பையனை நான் பழிக்கமாட்டேன். கதையின் சௌகரியத்துக்காக எத்தனையோ பேரைக் கொன்று, அடுத்த அத்தியாயத்தில் அவர்களை மறந்தவன் நான். இறந்தவனுக்கு ஒரு பையும் அதில் நாலு தக்காளியும் இருந்திருக்கும் என்று எனக்கும் தோன்றியதில்லை. எந்த ஊருக்கும் போகலாம், எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்ற சுதந்திரத்தை அந்த விளையாட்டு தாராளமாகக் கொடுக்கிறது. செய்ததை நினைத்துக்கொண்டே வாழ்வதற்கு மட்டும் அதில் இடமில்லை.

உள்ளே திரும்பினேன். பையன் விளையாட்டை நிறுத்தியிருந்தான்.

"அப்பா ஏன் மாமா எழுந்து போயிட்டாரு?"

பதில் என் நாக்குவரை வந்தது. சொல்லவில்லை.

"அதை அப்பாவிடமே கேளடா" என்றேன்.