துக்கடாவின் இடம்

நங்கநல்லூரில் ஒரு மார்கழிக் கச்சேரி. தனி ஆவர்த்தனத்தின்போதே பாதிக் கூட்டம் எழுந்து போய்விட்டது. அதற்குப் பிறகுதான் தமிழ்ப் பாட்டு வந்தது. "தமிழ் ஏன் எப்பவும் கடைசியில வருது?"ன்னு பக்கத்து மாமாவிடம் கேட்டேன். "சங்கீதத்துக்கு ஏதுப்பா மொழி?" என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. எனக்குத் தெலுங்கு தெரியாது. தியாகராஜர் கிருதி கேட்டுக் கண் கலங்கியிருக்கிறேன். காதுக்கு மொழி வேண்டாம்தான். ஆனால் கச்சேரியின் வரிசைக்கு மொழி இருக்கிறதே! எது பிரதானம், எது துக்கடா என்பது தானாக அமைந்ததா?

1927 சென்னைக் காங்கிரஸையொட்டி நடந்த இசை மாநாட்டின் தொடர்ச்சியாக 1928இல் மியூசிக் அகாடமி பிறந்தது. 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கூடிய தமிழிசை மாநாடு, மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடம் கேட்டது. மொழியை முன்னால் வைத்தால் தரம் குறையும் என்றது அகாடமி. கல்கி தமிழிசைக்காக எழுதினார். 1943இல் தமிழ் இசைச் சங்கம் உருவானது.

'தரம்' என்ற சொல்லுக்குள்தான் அரசியல் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. இதைச் சொல்கிற எனக்கும் அதில் பங்குண்டு. போன தை மாதம் ஒரு கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர் தோடி வாசித்துக்கொண்டிருந்தார். நான் செல்ஃபி எடுத்துக்கிட்டு இருந்தேன். அதே தோடியை சபாவில் பாடியிருந்தால் டிக்கெட் வாங்கி, வாய் மூடிக் கேட்டிருப்பேன். ராகம் ஒன்றுதான், என் மரியாதை மட்டும் இடம் பார்த்து வருகிறது.

அடுத்த கல்யாணத்தில் பந்திக்கு ஓடுவதற்கு முன்னால், அவர் எதிரே நாற்காலி போட்டுக் கொஞ்ச நேரம் உட்காரணும்.