அழைப்புக்கு நாள் குறிக்கலாமா?

கேள்வி: மருத்துவமனையில் நோயாளிகளைச் சந்தித்து ஜெபிக்கும் ஊழியத்துக்கு ஆண்டவர் என்னை அழைக்கிறார் என்று உணர்கிறேன். மகள் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டு வருகிறேன். பேதுருவைப் போல உடனே புறப்பட, குடும்பஸ்தர்களால் முடியுமா?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அன்புச் சகோதரிக்கு, பேதுருவும் குடும்பஸ்தர்தான். அவர் வலையை விட்ட அதே அதிகாரத்தில் (மாற்கு 1) இயேசு அவர் வீட்டுக்குப் போய், ஜுரமாய்க் கிடந்த மாமியாரைக் கைபிடித்துத் தூக்கிவிடுகிறார். யாக்கோபும் யோவானும் தகப்பனைத் தவிக்க விட்டுப் போகவில்லை. செபதேயுவோடு படவில் கூலியாட்கள் இருந்தார்கள். நம்மை அழைக்கிறவர் நம் வீட்டாரையும் அறிந்தவர்.

எலிசாவைப் பாருங்கள். பெற்றோரிடம் விடைபெற்று வருகிறேன் என்றுதான் எலியாவிடம் கேட்டார். போனவர் ஏர்மாடுகளை அடித்து, ஏரின் மரச்சாமான்களையே விறகாக்கிச் சமைத்து, ஜனங்களுக்குப் பரிமாறிவிட்டு எலியாவின் பின்னே நடந்தார் (1 இராஜாக்கள் 19). மறுபடி உழப் போக வழியே வைக்கவில்லை.

தேசாதிபதி பேலிக்ஸோ, காவலில் இருந்த பவுலின் பேச்சைக் கேட்டு நடுங்கியும், வசதிப்படும்போது கூப்பிடுகிறேன் என்று அனுப்பிவிட்டான். பிறகு பலமுறை கூப்பிட்டுப் பேசினான். மனம் மட்டும் திரும்பவில்லை. இரண்டு வருஷம் கழித்துப் பதவி மாறியபோதும் பவுலைக் காவலிலேயே விட்டுப் போனான் (அப்போஸ்தலர் 24).

ஆயத்தம் வேறு, தாமதம் வேறு. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்ட மிஷனரி மகள் ஐடா ஸ்கடர், மருத்துவராவது என்று அப்போதே முடிவெடுத்தார். அமெரிக்காவில் படித்து 1899-இல் பட்டம் பெற்று, மறு வருஷம் இந்தியா திரும்பினார். ஆயத்தத்துக்கு வருஷங்கள் பிடித்தாலும், 'வருகிறேன்' என்ற பதிலை அவர் தள்ளிப்போடவில்லை.

மகளின் கல்யாணமும் தேவன் தந்த பொறுப்புதான். அதைக் குறைவின்றிச் செய்யுங்கள். கூடவே, வரும் ஞாயிறே உங்கள் ஆயரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, வாரத்தில் ஒரு மணி நேரம் ஒரு வார்டுக்குப் போங்கள். நர்ஸிடம் அனுமதி கேட்டு, நோயாளி விரும்பினால் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சங்கீதம் வாசித்து, சுருக்கமாக ஜெபியுங்கள். முழுநேரமாக இறங்குவதைக் கல்யாணத்துக்குப் பின் பார்த்துக்கொள்ளலாம். ஆரம்பம் இந்த வாரமே இருக்கட்டும். கல்யாணம் வரை காத்திருக்க உங்களால் முடியும். படுக்கையில் இருப்பவரால் முடியாமல் போகலாம்.