பானை ஓட்டில் எழுதிய பெயர்



பொதுக்காலம் 25ஆம் ஞாயிறான இன்றைய முதல் வாசகத்தில், நீதிமானைக் கண்டாலே பிடிக்காதவர்கள் பேசுகிறார்கள். அவர் அவர்களுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அவர் வாழ்கிற விதமே அவர்களை உறுத்துகிறது. இதை வாசிக்கும்போதெல்லாம் பண்டைய ஏதென்ஸ் நகரத்து அரிஸ்தீதிஸ்தான் என் நினைவுக்கு வருவார்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. யாரை நாடுகடத்தலாம் என்று மக்கள் வாக்களிப்பார்கள். உடைந்த பானை ஓட்டில் பெயரைக் கீறிப் போட வேண்டும். 6000 ஓடுகள் சேர்ந்தால் ஒருவர் 10 ஆண்டுகள் ஊரைவிட்டுப் போயாக வேண்டும். குற்றச்சாட்டும் கிடையாது, விசாரணையும் கிடையாது. கி.மு. 482 வாக்கில், 'நீதிமான்' என்று ஊரே அழைத்த அரிஸ்தீதிஸுக்கு அந்த நிலை வந்தது.

பண்டைய எழுத்தாளர் புளூட்டார்க் சொல்லும் நிகழ்ச்சி இது. எழுதத் தெரியாத ஒருவர், எதிரே நிற்பவர் யாரென்று அறியாமல், அவரிடமே ஓட்டை நீட்டி அரிஸ்தீதிஸ் பெயரை எழுதித் தரச் சொன்னார். அவர் உமக்கு என்ன தீங்கு செய்தார் என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை, ஆளையே தெரியாது, எங்கே போனாலும் அவரை நீதிமான் என்று சொல்வதைக் கேட்டுச் சலித்துவிட்டது என்றாராம். அரிஸ்தீதிஸ் மறுபேச்சின்றித் தம் பெயரை எழுதிக் கொடுத்தார்.

நாம் சிரிக்கிறோம். பங்குப் பேரவைத் தேர்தல் முடிந்த வாரம் கோவில் வாசலில் நின்று கேட்டால் அந்தச் சிரிப்பு அடங்கிவிடும். இயேசுவையும் தலைமைக் குருக்கள் இதே பொறாமையால்தான் கையளித்தார்கள் என்பது பிலாத்துவுக்கே தெரிந்திருந்தது.

இரண்டே ஆண்டுகளில் பாரசீகக் கடற்படை வந்தது. சலாமிஸ் போருக்கு முந்தைய இரவு, எதிரிக் கப்பல்களுக்கு நடுவே புகுந்து அரிஸ்தீதிஸ் வந்து சேர்ந்தார். வந்தது தம் பழைய பகைவரான ஏதென்ஸ் தளபதி தெமிஸ்டோகிளீஸிடம். நம் போட்டி இனி நாட்டுக்கு யார் அதிகம் நன்மை செய்வது என்பதில் இருக்கட்டும் என்று சொல்லி, எதிரி தங்களை வளைத்துவிட்ட செய்தியைத் தெரிவித்தார். தெமிஸ்டோகிளீஸோ, தான் சொன்னால் கட்டுக்கதை என்பார்கள் என்று, மற்றத் தளபதிகளிடம் அவரையே போய்ச் சொல்லச் சொன்னார். ஊருக்குச் சலித்துப்போன அந்த நல்ல பெயர் அன்றிரவு தேவைப்பட்டது. அப்போதும் பலர் நம்பவில்லை என்பதையும் வரலாற்றாசிரியர் எரோடோட்டஸ் மறைக்கவில்லை.

அரிஸ்தீதிஸ் கிறிஸ்துவை அறியாதவர். தங்களுள் யார் பெரியவர் என்று வழியில் வாதாடிய சீடர்களோ கிறிஸ்துவோடு நடந்தவர்கள். வழியில் எதைப் பற்றி வாதாடினீர்கள் என்று இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் கேட்டபோது அவர்கள் வாய் திறக்கவில்லை.

யாரைப் புகழக் கேட்டால் உங்களுக்கு எரிச்சல் வருகிறதோ, அவர் பெயரைச் சொல்லி இன்றைய திருப்பலியில் மன்றாடுங்கள். முடிந்தால், வெளியே போகும்போது அவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள்.