கதைக் கணக்கும் ஊன்றுகோலும்

கதை எழுதுவது ஒருவகையில் கணக்கு எழுதுவதுதான். முதல் அத்தியாயத்தில் ஒரு பாத்திரத்துக்கு இருமல் வந்தால், பத்தாவது அத்தியாயத்துக்குள் அவர் படுக்கையில் விழுந்தாக வேண்டும். வெறும் இருமலாகவே அது போய்விட்டால், "அந்த இருமல் எதற்கு வந்தது?" என்று வாசகர் கேட்டு எழுதிவிடுவார். நமக்கெல்லாம் வந்து போகிற இருமலுக்கு யாரும் இப்படிக் கணக்குக் கேட்பதில்லை. கதையில் மட்டும் எதுவும் வீணாகக் கூடாது. இது எங்கள் தொழிலின் சட்டம். நல்ல சட்டந்தான், நானும் அதற்குக் கட்டுப்பட்டுத்தான் பிழைக்கிறேன். ஆனால் மனித உடம்பின் குறை ஒன்றைக் கதைக்குள் கொண்டு வரும்போது அதே சட்டம் அநியாயமாக மாறிவிடுகிறதோ என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம். டெலிவிஷன் நாடகங்களைப் பார்க்கப் பார்க்க அந்தச் சந்தேகம் வலுத்துக்கொண்டே வருகிறது.

ஒருவன் காலைச் சாய்த்து நடந்து வந்தால், அந்த நடைக்குக் கதை விலை கேட்கிறது. ஒன்று, அவன் கெட்டவனாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பெரிய மகானாக இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் கடைசி வாரத்தில் எழுந்து ஓட வேண்டும். அதுவும் முடியாவிட்டால், பிறர் திருந்தும்படியாகச் செத்துப்போக வேண்டும். சும்மா நடந்து வந்து, காப்பி குடித்துவிட்டு, சம்பளம் போதவில்லை என்று முணுமுணுத்துவிட்டுப் போக அவனுக்கு அனுமதி இல்லை.

1987 ஜனவரியில் தூர்தர்ஷனில் ராமானந்த் சாகரின் 'ராமாயணம்' ஆரம்பமாயிற்று. ஹிந்தியில் ஒரு வார்த்தை தெரியாத நம் பாட்டிமார்களுக்கும், மந்தரை வந்ததும் அவள் யார் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. வளைந்த முதுகே சொல்லிவிட்டது. அந்த வேஷத்தில் நடித்தவர் லலிதா பவார். 1942ல், அவர் கதாநாயகியாக நடித்துக்கொண்டிருந்த நாளில், ஒரு படப்பிடிப்பில் உடன் நடித்தவர் அறைந்த அறை பலமாக விழுந்துவிட்டது. முகத்தின் ஒரு பக்கம் செயலிழந்தது. இடது கண் பழுதாயிற்று. மூன்று வருஷ வைத்தியத்துக்குப் பிறகும் அந்தக் கண் பழையபடி ஆகவில்லை. கதாநாயகி வேஷங்கள் போய், கொடுமைக்கார மாமியார் வேஷங்கள் வந்தன. கண் சிறிது இடுங்கியதற்கும் மனம் கொடியதாவதற்கும் என்ன சம்பந்தம்? ஒரு சம்பந்தமும் இல்லை. காமிராவுக்கு மட்டும் இருந்தது. இதே லலிதா பவார் 1959ல் 'அனாரி' படத்தில் அன்பே உருவான வீட்டுக்காரியாக நடித்துப் பரிசும் வாங்கினார். அந்தக் கண்ணால் அன்பு காட்டவும் முடிந்தது என்பதற்கு அது அத்தாட்சி. ஆனாலும் நாற்பத்தைந்து வருஷம் கழித்து, தேசமே பார்க்கும் நாடகத்தில், கூனியின் முதுகு அவருக்கே வந்து சேர்ந்தது.

இங்கே கம்பனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கம்பனும் கூனியைக் கொடியவளாகத்தான் பாடுகிறான். ஆனாலும் அவள் கோபத்துக்கு ஒரு காரணம் வைக்கிறான். சிறுவன் ராமன் விளையாட்டாக வில்லில் மண்ணுருண்டை வைத்து அவள் முதுகின் மேல் அடித்தான். அதை அவள் மறக்கவில்லை. யோசித்துப் பாருங்கள். கூன் அவளைக் கெட்டவள் ஆக்கவில்லை. கூனின் மேல் விழுந்த உருண்டை ஆக்கியது. குறை உடம்பில் இருந்தது, காயம் பிறர் செய்தது. எத்தனையோ நூற்றாண்டுக்கு முன் ஒரு கவிக்குத் தெரிந்த இந்த வித்தியாசம், 1988ல் வந்த 'மகாபாரத'த் தொடரில் சகுனியைக் காலை இழுத்து இழுத்து நடக்கவிட்டவர்களுக்குத் தேவைப்படவில்லை. அந்த நடைதான் சூழ்ச்சிக்கு அடையாளம் என்று நாமும் ஏற்றுக்கொண்டோம்.

"அதெல்லாம் பழைய காலம், இப்போது மாறிவிட்டது" என்பீர்கள். மாறித்தான் இருக்கிறது. கெட்டவர்கள் போய் மேதைகள் வந்திருக்கிறார்கள். 2022ல் வந்த கொரிய நாடகம் ஒன்று, வூ யங்-வூ என்ற வக்கீலைப் பற்றியது. நம்மூர் வீடுகளிலும் பலர் பார்த்தார்கள். அந்தப் பெண்ணுக்கு ஆட்டிசம். சுழல் கதவுக்குள் நுழைந்து வருவதே அவளுக்குப் பெரும்பாடு. ஆனால் சட்டப் புத்தகம் முழுவதும் மனப்பாடம். வகுப்பில் முதல் மாணவி. ரசித்துத்தான் பார்த்தேன். என்றாலும் உள்ளே ஒரு குரல்: மனப்பாடம் இல்லாவிட்டால் இவளை இந்த ஆபீஸில் சேர்த்திருப்பார்களா? நாடகக்காரர்களுக்கும் அந்தக் குரல் கேட்டிருக்க வேண்டும். மூன்றாவது பகுதியிலேயே, அதே ஆட்டிசம் உள்ள, ஆனால் மேதை அல்லாத ஓர் இளைஞனைக் குற்றவாளிக் கூண்டில் கொண்டுவந்து அவள் எதிரே நிறுத்திவிட்டார்கள். அந்த ஒரு பகுதிக்காகவே அவர்களை மதிக்கிறேன்.

நம்முடைய 'மாற்றுத் திறனாளி' என்ற சொல்லைப் பற்றியும் எனக்கு ஒரு சின்னக் குறை உண்டு. நல்லெண்ணத்தில் பிறந்த சொல், சந்தேகமில்லை. முன்பு புழங்கிய சொற்களைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் ஒன்று போனால் அதற்கு ஈடாக வேறொரு திறன் வந்தே தீரவேண்டும் என்று அது வற்புறுத்துகிறதே! ஈடு இல்லாதவன் என்ன செய்வான்?

ஆஸ்திரேலியாவில் ஸ்டெல்லா யங் என்று ஒரு பெண்மணி இருந்தார். சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர்; பத்திரிகையாளர், மேடையில் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவர். 2014ல் 32ஆம் வயதில் காலமானார். அவர் மெல்பர்னில் ஆசிரியையாக இருந்தபோது வகுப்பில் சட்டப்பாடம் நடத்திக்கொண்டிருந்தாராம். இருபது நிமிஷம் ஆனதும் ஒரு பையன் கையைத் தூக்கி, 'உங்கள் சொற்பொழிவை எப்போது ஆரம்பிப்பீர்கள்?' என்று கேட்டானாம். சக்கர நாற்காலியில் ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தால், பிள்ளைகளுக்கு ஊக்கம் ஊட்டிவிட்டுப் போகத்தான் வருவார் என்று அவன் நம்பியிருந்தான். பாடம் நடத்த வருவார் என்று அவனுக்குத் தோன்றவில்லை. நாம் ஊக்கம் பெறுவதற்காக இன்னொருவர் உடம்பைக் காட்சிப் பொருளாக்குவதை ஸ்டெல்லா ஆபாசம் என்றே சொன்னார். கடுமையான வார்த்தைதான். வேறு வார்த்தை எனக்கும் அகப்படவில்லை.

தொடர்களுக்கு வசனம் எழுதுகிற நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "சார், கதாநாயகியின் அண்ணனை நான் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தால், 'ஏன்?' என்று முதல் கேள்வி வரும். 'சும்மாதான், அவர் அப்படித்தான்' என்று சொன்னால், 'அப்படியானால் எழுந்து நிற்கட்டுமே' என்பார்கள்" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அவர்களும் எங்கள் தொழிலின் சட்டத்தைத்தான் பேசுகிறார்கள்.

'சும்மாதான், அவன் அப்படித்தான்' என்று சொல்லியே ஒரு நாடகம் நடந்திருக்கிறது. 2008லிருந்து 2013 வரை அமெரிக்காவில் வந்த 'பிரேக்கிங் பேட்'. ரசாயன வாத்தியார் ஒருவர் புற்றுநோய் கண்டதும், குடும்பத்துக்குப் பணம் சேர்க்கிறேன் என்று போதை மருந்து காய்ச்சப் புறப்படும் கதை. அவருக்கு ஒரு பையன். பெருமூளை வாதம், ஊன்றுகோலோடு நடப்பான், பேச்சு சற்றுக் குழறும். ஏன் என்று கதை சொல்வதே இல்லை. அவன் காலை ஆகாரம் சாப்பிடுகிறான். கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறான். அப்பா வைத்த பெயர் பிடிக்காமல் தனக்கு வேறு பெயர் வைத்துக்கொள்கிறான். அம்மாவிடம் எரிந்து விழுகிறான். அவன் சாப்பிடும் காட்சிகள் அதிகம் என்று ரசிகர்கள் கேலிகூடச் செய்தார்கள். எனக்கு அந்தக் கேலி பிடித்திருந்தது. ஊன்றுகோலை விட்டுவிட்டு இட்லித் தட்டைக் கேலி செய்கிறார்கள் என்றால், அவன் வீட்டுப் பிள்ளையாகிவிட்டான் என்று அர்த்தம். (அங்கே இட்லி இல்லைதான்; நம் வழக்கில் சொன்னேன்.)

நாடகத்தை உருவாக்கிய வின்ஸ் கில்லிகன், கல்லூரியில் பழகிய நண்பர் ஒருவரை மனத்தில் வைத்து அந்தப் பையனைப் படைத்தாராம். 2016ல் வந்த 'ஸ்பீச்லெஸ்' என்ற வேடிக்கை நாடகத்திலும் பேச முடியாத ஒரு பையன் வருகிறான். தலையில் கட்டிய சிறு விளக்கொளியால் பலகையில் உள்ள சொற்களைச் சுட்டிக் காட்டிப் பேசுவான். அதை எழுதிய ஸ்காட் சில்வேரிக்கு அப்படி ஒரு சகோதரர் இருந்தார். இருவரும் ஊனத்தைப் பற்றி எழுத உட்காரவில்லை. தெரிந்த ஒருவரைப் பற்றி எழுத உட்கார்ந்தார்கள். தெரிந்தவனிடம் நாம் கணக்குக் கேட்பதில்லை அல்லவா?

யார் நடிப்பது என்ற வழக்கு வேறு இருக்கிறது. பிறராக மாறுவதுதான் நடிப்பு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊனமுற்ற நடிகருக்கு மற்ற வேஷங்களும் கிடையாது, ஊனமுற்றவர் வேஷமும் கிடையாது என்றால், அது கலை விவாதம் அல்ல, வயிற்றுப்பாடு. 'பிரேக்கிங் பே'டில் நடித்த ஆர்.ஜே. மிட்டேக்கு உண்மையிலேயே பெருமூளை வாதம் உண்டு. அவருக்கு இருப்பது பாத்திரத்தைவிடக் குறைவு. அதனால் ஊன்றுகோலில் நடக்கவும், பேச்சைக் குழற வைக்கவும் அவர் பழகிக்கொள்ள வேண்டியிருந்தது. அவரும் நடித்தார் என்பதை ரசிகர்கள் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

2024 ஜூலையில் நம் உச்ச நீதிமன்றம் ஒரு திரைப்பட வழக்கில், ஊனமுற்றவர்களைக் காட்டும்போது அவர்களையே கலந்து ஆலோசிக்க வேண்டும், இழிசொல் கூடாது என்றெல்லாம் நெறி வகுத்தது. வரவேற்க வேண்டியதுதான். இழிசொல்லைச் சட்டம் நிறுத்திவிடும். ஒரு பாத்திரத்துக்கு ஆசையும் பிடிவாதமும் கொடுக்க அதனால் ஆகாது. அது எழுதுகிறவன் வேலை.

'பிரேக்கிங் பே'டின் முடிவுக்குச் சற்று முன்னே ஒரு கட்டம். கத்தியோடு போராடும் அப்பாவையும் அம்மாவையும் அந்தப் பையன் பாய்ந்து விலக்குகிறான். அம்மாவுக்குக் குறுக்கே தன்னைப் போட்டுக்கொண்டு, டெலிபோனை எடுத்துப் போலீசைக் கூப்பிடுகிறான். அப்பாவைப் போலீசிடம் காட்டிக்கொடுக்க அந்த வீட்டில் பெரியவர்கள் துணிந்ததில்லை. அப்போது அவன் ஊன்றுகோல் எங்கே கிடந்தது என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். நினைவுக்கு வரவில்லை.