எவ்வளவு சுத்தம் போதும்?

மூடப்பட்ட தொழிற்சாலை நிலத்தை மறுபடி மனிதர்கள் புழங்கக் கொடுக்கலாமா என்று முடிவுசெய்ய ஒரு நடைமுறை உண்டு. முதலில் பழைய ஆவணங்களையும் வரைபடங்களையும் புரட்டி, அங்கே என்ன தொழில் நடந்தது என்று தேடுவார்கள். பிறகு துளையிட்டு, மண்ணையும் நிலத்தடி நீரையும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். ஈயம், ஆர்செனிக், பாதரசம், எண்ணெய்க் கழிவு என ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் திரும்பி வரும். அதுவரை வேதியியலின் வேலை. அந்த எண் ஆபத்தா, பரவாயில்லையா என்று கேட்டதும் அறத்தின் வேலை தொடங்கிவிடுகிறது.

நான் வாழும் ஒன்ராறியோவில் பல நஞ்சுகளுக்கு ஒரே வரம்பு கிடையாது. விவசாய நிலத்துக்கு ஒன்று. வீடு, பூங்கா, பள்ளிக்கூடம் அமையும் நிலத்துக்கு ஒன்று. ஆலை, கடை, சமூகப் பயன்பாடு மூன்றுக்கும் சேர்த்து ஒன்று. இதில் ஏமாற்று இல்லை. கிடங்கில் பகலில் மட்டும் சப்பாத்தோடு நடமாடுபவருக்கும், கொல்லையில் மண்ணை அளைந்து விரலை வாயில் வைக்கும் இரண்டு வயதுக் குழந்தைக்கும் ஒரே மண் ஒரே ஆபத்தைத் தருவதில்லை.

மென்பொருள் வடிவமைக்கும் எங்கள் தொழிலில் 'பயனர்' என்று ஒருவரைக் கற்பனை செய்துகொண்டுதான் வேலையைத் தொடங்குவோம். அவருக்குப் பார்வை நன்றாக இருக்கும், ஆங்கிலம் தெரியும் என்றெல்லாம் யாரும் சொல்லாத அனுமானங்கள் உள்ளே நுழைந்துவிடும். நில மதிப்பீட்டிலும் அப்படி ஒரு கற்பனை மனிதர் இருக்கிறார். அவருக்கு என்ன வயது, அங்கே எத்தனை மணி நேரம் இருப்பார், அந்த மண்ணில் விளைந்த கீரையை உண்பாரா என்பதைப் பொறுத்தே வரம்பு அமைகிறது. எவ்வளவு சுத்தம் போதும் என்ற கேள்விக்குள் யாருக்குப் போதும் என்ற கேள்வி இருக்கிறது. அந்த மனிதரைக் கற்பனை செய்யும் உரிமை யாருடையது?

கொடைக்கானலில் இந்தக் கேள்வி நேரடியாக எழுந்தது. 1980களில் நியூயார்க் மாநிலத்திலிருந்து அங்கே இடம்பெயர்ந்த வெப்பமானித் தொழிற்சாலை, பின்னர் இந்துஸ்தான் லீவர் வசமானது. பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி பழைய இரும்புக் கடையில் கிடந்தது 2001இல் வெளியே தெரியவந்து, ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் உடன்பாடு ஏற்பட 2016 வரை ஆனது. மண்ணைப் பொறுத்தவரை, கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் என்ற இலக்கு வகுக்கப்பட்டது. தாய் நிறுவனம் இருக்கும் பிரிட்டனில் இதைவிடக் கடுமையாக இருப்பார்களே என்றார்கள் போராடியவர்கள். இன்னும் கீழே இறங்கினால் மரங்களை வெட்டவேண்டும், மண் அரிக்கும், பக்கத்துச் சோலைக்காட்டுக்குத்தான் கேடு என்றது மறுதரப்பு.

அந்தப் பதிலை வெறும் சாக்கு என்று தள்ள எனக்கு மனமில்லை. தோண்டிய மண் மறைந்துபோவதில்லை. இன்னோர் ஊரின் குழிக்குப் போகிறது. ஆனால் அதைச் சொல்பவர் யார் என்பதும் முக்கியம். மரங்களுக்காகக் கொஞ்சம் ஆபத்தைப் பொறுத்துக்கொள்கிறோம் என்று அந்த மலையில் வாழ்பவர் சொன்னால் அது தீர்மானம். செலவழிக்க வேண்டியவர் சொன்னால் அது பேரம்.

மிச்சம் வைப்பதிலும் நேர்மை சாத்தியம்தான். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் உள்ள சிட்னி நகரில், எஃகு ஆலையும் கோக் உலைகளும் ஏறத்தாழ நூறாண்டுகளில் சேர்த்துவிட்டுப்போன தார்ச் சேறு சுமார் 7 லட்சம் டன். அதைத் தோண்டி எரிக்கும் முயற்சி தோற்றது. 2004இல் அரசுகள் 40 கோடி டாலர் ஒதுக்கின. சேற்றை அகற்றவில்லை, சிமெண்ட் கலந்து இறுக்கி, மேலே மூடிப் புல் வளர்த்தார்கள். 2013இல் அங்கே பூங்கா திறந்தது. அதற்கு வைத்த பெயர் ஓப்பன் ஹார்த், அதாவது எஃகு உருக்கும் உலையின் பெயர். அடியில் இருப்பதை அந்தப் பெயர் மறைக்கவில்லை. மூடிவைத்த நிலத்துக்கு நினைவு வேண்டும். மூடியில் வெடிப்பு உண்டா, நீரில் கசிவு உண்டா என்று பேரப்பிள்ளைகள் காலத்திலும் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். மறந்துபோன தலைமுறையில் யாரோ ஒருவர் அங்கே கிணறு வெட்டுவார்.

ஆக, முழுச் சுத்தம் ஒன்றே அறம் என்று நான் சொல்லமாட்டேன். மிச்சமிருக்கும் ஆபத்தைச் சுமக்கப்போகிறவர் முடிவெடுக்கும் மேசையில் இருக்கவேண்டும். மிச்சம் என்ன என்பது நிலத்தோடு எழுதிவைக்கப்பட வேண்டும். இவ்விரண்டும் இல்லாத சுத்தம் பூச்சு வேலைதான்.

இது நமக்குத் தூரத்துச் சங்கதி அல்ல. புலம்பெயர்ந்த நகரங்களில் நமது கோயில்களும் மண்டபங்களும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளும் பல இடங்களில் தொழிற்பேட்டைகளில்தான் இருக்கின்றன. அங்கேதான் வாடகை கட்டுப்படியாகும். இடம் வாங்கும்போது வாகனத் தரிப்பிடம், அன்னதானக் கூடம், வாஸ்து எல்லாம் பார்க்கிறோம். இன்னொன்றையும் கேட்கலாம்: இந்த நிலத்தை மதிப்பிட்டவர்கள் கற்பனை செய்த மனிதருக்கு வயது என்ன? தரையில் உட்கார்ந்து 'அ' எழுதும் நம் பிள்ளை அந்தக் கணக்கில் இருந்ததா?